மகனின் பூட்ஸும் மதரஸாவின் தோல்களும்

 

திருவேங்கடத்தைச் சுற்றியுள்ள நிலம் கரிசல் நிலம். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அம்மண், ஐப்பசி மழை இறங்கிவிட்டால் நடப்பவரின் காலைப் பற்றிக்கொண்டு விடாது. அத்தகைய ஒரு மழைக்காலத்தில்தான் என் மூத்த மகன் ஐ.டி.ஐ. படிப்பை முடித்து, காற்றாலைகளைப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் பயிற்சியாளனாகச் சேர்ந்தான். சட்டை தந்தார்கள், தலைக்கவசம் தந்தார்கள். பூட்ஸை மட்டும் நாமே வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள். அதையும் அவர்களே தந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆயினும் கேட்டால் கிடைத்த வேலை கைநழுவிவிடுமோ என்ற அச்சத்தில் நாங்கள் கேட்கவில்லை.

மதரஸா ஆசிரியரின் ஊதியம் எவ்வளவு என்பது இதைப் படிக்கும் பலருக்கும் தெரியும். பக்கத்து நகரத்துக் கடையொன்றில் 850 ரூபாய்க்கு ஒரு ஜோடி வாங்கினோம். உள்ளே ‘அசல் தோல்’ என்று முத்திரை இருந்தது. கறுப்பாகப் பளபளத்தது. மகனின் முகமும் பளபளத்தது.

பதினொரு வாரங்கள் கழிந்தன. பூட்ஸின் மேற்புறம் ஆறிய புண்ணின் பொருக்கைப் போல உரியத் தொடங்கியது. ஒரு நாள் காலை, ஈரக் கால்களோடு காற்றாலைக் கோபுரத்தின் ஏணியில் ஏறும்போது வலது காலின் அடிப்பகுதி வாயைப் பிளந்தது. மகன் வழுக்கி விழுந்தான். நான்காவது படியிலிருந்து விழுந்ததால் கணுக்கால் வீங்கியதோடு போயிற்று, அல்ஹம்துலில்லாஹ். இன்னும் முப்பது படி ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைவு அன்றிரவு என்னையும் என் மனைவியையும் உறங்கவிடவில்லை.

மறுநாள் பேருந்து நிலையத்தருகே காலணி தைக்கும் பெரியவரிடம் அதைக் கொண்டுசென்றேன்.

“அண்ணாச்சி, இதைத் தைத்துத் தர முடியுமா?”

அவர் வாங்கிப் பார்த்தார். கிழிந்த இடத்தை நகத்தால் சுரண்டினார். உள்ளிருந்து துணி நூல் வந்தது.

“இது தோலே இல்ல, பாய். துணிமேல பூச்சு பூசியிருக்கான். ஊசி போட்டா இன்னுங் கொஞ்சம் கிழியும். அடியையும் தைக்கல, பசை போட்டு ஒட்டியிருக்கான். உங்ககிட்ட காசு வாங்கிட்டு நான் என்னத்தச் செய்ய?”

அன்று அவர் வேலை எதுவும் செய்யவில்லை, காசும் வாங்கவில்லை. பொருளை விற்றவர் சொல்லாத உண்மையைப் பழுது பார்ப்பவர் சொல்லி அனுப்பினார்.

பாடநூலில் இருந்த அளவுகோல்

அந்த வாரம் நான் பிள்ளைகளுக்கு உளூவின் பாடத்தில், தோல் காலுறைகளின்மீது மஸஹ் செய்வதைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். ஊரில் இருப்பவருக்கு ஒரு பகலும் ஓர் இரவும், பயணிக்கு மூன்று பகல்களும் மூன்று இரவுகளும் என்று கால வரம்பைக் கூறினேன். பிறகு அக்காலுறை எப்படி இருக்க வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் கூறும் நிபந்தனைகளை வரிசைப்படுத்தினேன். கணுக்காலை மூட வேண்டும்; அணிந்துகொண்டு தொடர்ந்து நடக்கத்தக்க உறுதி இருக்க வேண்டும்; தண்ணீர் எளிதில் உள்ளே ஊடுருவக் கூடாது.

பல ஆண்டுகளாக இதைக் கற்பித்து வருகிறேன். தரமான பூட்ஸ் என்றால் என்ன என்பதன் இலக்கணமும் இதுவே என்பது அன்றுதான் உறைத்தது. மகனுக்கு நான் வாங்கித் தந்தது இம்மூன்றில் முதல் நிபந்தனையை மட்டுமே நிறைவேற்றியிருந்தது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலணி அணிவதை ஊக்கப்படுத்தினார்கள்; காலணி அணிந்தவர் வாகனத்தில் செல்பவரைப் போன்றவர் என்னும் கருத்தில் அறிவுறுத்தினார்கள். தம் காலணி பழுதுபட்டால் தம் கைகளாலேயே தைத்துக்கொண்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். தைத்துக்கொள்ளத்தக்க காலணி என்பதே இன்று அரிதாகிவிட்ட காலத்தில் நாம் வாழ்கிறோம்.

ஆம்பூர்ப் பட்டறையில்

சில மாதங்களுக்குப் பின், என்னுடன் ஓதிய நண்பர் ஒருவரின் மகள் நிக்காஹுக்காக ஆம்பூர் சென்றேன். நிகழ்ச்சி முடிந்ததும் அவரிடம் மகனின் பூட்ஸ் கதையைச் சொன்னேன். தமக்குத் தெரிந்த சிறு பட்டறை ஒன்றுக்கு அழைத்துப்போனார். மூன்று தையல் இயந்திரங்கள், ஐந்து பேர், சுவர் முழுதும் மரக் கால் அச்சுகள், பட்டறை அவ்வளவே.

உரிமையாளர் ஏறக்குறைய என் வயதினர். வேலைக்கு அணியும் தோல் பூட்ஸ் ஒன்றை எடுத்து வைத்தார். விலை 3,400 ரூபாய் என்றார். என் முகம் மாறியதை அவர் கவனித்திருக்க வேண்டும். கோபப்படாமல் ஒரு தோல் துண்டை எடுத்து அதன் வெட்டு முகத்தைக் காட்டினார்.

மாட்டுத் தோல், எருமைத் தோல் தடிமனானவை. அவற்றைப் படலங்களாகப் பிளப்பார்கள். முடி இருந்த பக்கத்து மேற்படலத்தில் நார்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கும். வலிமை அங்கேதான் இருக்கிறது. கீழ்ப்படலம் தளர்வானது. அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சு ஏற்றி, தோலின் வரிகளைப் போல அச்சு அழுத்தி விற்பார்கள். அதைத் தோல் என்று சொல்வது முழுப் பொய்யும் அன்று, முழு உண்மையும் அன்று. அதற்கும் கீழே, துணிமேல் பூச்சு ஏற்றியது. என் மகன் அணிந்தது அதுதான்.

பிறகு அவர் அடிப்பகுதியைக் காட்டினார். மேல்தோலையும் அடியையும் வெறும் பசையால் ஒட்டாமல், சுற்றிலும் ஒரு தோல் பட்டையை வைத்துத் தைத்திருந்தார்கள். அடி தேய்ந்தால் அதை மட்டும் பிரித்து மாற்றிக்கொள்ளலாம். இதற்குக் கூடுதல் தோலும், கூடுதல் நேரமும், பழகிய கையும் வேண்டும்.

நான் வாங்குவதாகச் சொன்ன பிறகு அவர் செய்த ஒன்றை மறக்க இயலவில்லை. இடது பூட்ஸின் பின்புறத்தில் மெல்லிய கோடு ஒன்றைச் சுட்டிக்காட்டினார். “இது மாடு முள்வேலியில உரசின தழும்பு, ஹஸ்ரத். உழைப்புக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா வாங்குறவங்க பார்த்துட்டு வாங்கணும். வேணாம்னா வேற எடுத்துத் தர்றேன்.”

தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு அந்த வணிகரைக் கண்டித்த நபி (ஸல்) அவர்களின் நிகழ்ச்சி எனக்கு நினைவுக்கு வந்தது. 850 ரூபாய்க்கு விற்றவர் ஈரத்தை உள்ளே மறைத்தார். இவரோ தழும்பை வெளியே எடுத்துக் காட்டினார். இருவர் கேட்ட விலைகளுக்கும் இடையே உள்ள தூரத்தில் தோலின் மதிப்போடு இந்த நேர்மையின் மதிப்பும் அடங்கியிருந்தது.

யாருடைய தொழில்?

வட ஆர்க்காட்டுப் பகுதியில் தோல் பதனிடும் தொழில் முஸ்லிம் குடும்பங்களின் கையில் தலைமுறைகளாக இருந்து வருகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் வரலாற்றைத் தோலை விட்டுவிட்டு எழுத இயலாது. நம் கரிசல் காட்டில் தானாக வளரும் ஆவாரஞ்செடியின் பட்டையும் கடுக்காயும்தான் அக்காலத்துப் பதனீட்டுச் சரக்குகள். அவ்வாறு பாதி பதனிட்ட தோல்கள் கப்பலேறி இலண்டன் சந்தைக்குச் சென்றன. அங்கே மெருகேற்றப்பட்டு, காலணியாகி, அந்நாட்டுப் பெயரில் விற்கப்பட்டன. தோலும் உழைப்பும் இங்கே, இலாபத்தின் பெரும்பகுதி அங்கே.

1972இல் சீதாராமையா குழு இந்நிலையை மாற்றப் பரிந்துரைத்தது. அதன்பின் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு ஒன்றிய அரசு அளவுக் கட்டுப்பாடும் வரியும் விதித்தது. முழுமையாகப் பதனிட்ட தோலாகவும் காலணியாகவும் ஏற்றுமதி செய்ய வேண்டிய நிலை உருவானது. இன்று ஆம்பூரின் தெருக்களில் காலையில் தொழிற்சாலைப் பேருந்துகளுக்காகக் காத்து நிற்கும் பெண்கள் கூட்டம் அந்த மாற்றத்தின் விளைவுகளுள் ஒன்று.

உரிமையாளர்கள் உள்ளூரில் இருந்ததால் விளைந்த நன்மையையும் கூற வேண்டும். வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரி உருவானது. திருச்சியில் 1951இல் தொடங்கிய ஜமால் முஹம்மது கல்லூரியும், மேல்விஷாரத்தில் 1965இல் தொடங்கிய சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியும் தோல் வணிகர்களின் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. தென்மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அக்கல்லூரிகளில் படித்து வெளிவந்தார்கள். உரிமையாளர் நம் தெருவில் வசித்தால், இலாபத்தில் ஒரு பங்கு நம் தெருவுக்குத் திரும்பி வரும் வழி இருக்கிறது.

ஆயினும் தொழிற்சாலை நம்முடையதாக இருந்தால் மட்டும் போதாது. ஆம்பூரில் தைக்கப்படும் காலணிகளுள் பெரும்பாலானவை இன்றும் வெளிநாட்டு நிறுவனங்களின் பெயர்களில்தான் விற்கப்படுகின்றன. 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியப் பொருட்களின்மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது அப்பகுதி முழுதும் கலங்கியதற்குக் காரணம் அதுவே. பெயரும் சந்தையும் பிறர் கையில் இருந்தால், கட்டடம் நம் கையில் இருந்தும் முடிவு நம் கையில் இல்லை.

ஆறு கட்டிய காசு

இவ்வளவையும் பெருமையோடு எழுதிவிட்டு, பாலாற்றைப் பற்றி எழுதாமல் விட்டால் நானும் ஈரத்தை மறைக்கும் வணிகனாகிவிடுவேன்.

ஆம்பூரிலிருந்து திரும்பும்போது பாலாற்றுப் பாலத்தைக் கடந்தோம். தண்ணீர் இல்லை. குரோமியத்தைக் கொண்டு விரைவாகப் பதனிடும் முறை பரவிய பின், பல்லாண்டுகள் தோல் ஆலைகளின் கழிவுநீர் ஆற்றிலும் நிலத்திலும் கலந்தது. கிணறுகள் கெட்டன, வயல்கள் உப்புப் பூத்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை வலியுறுத்தி அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது. 2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் மாண்டனர். 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது.

அந்த ஆலைகளின் உரிமையாளர்கள் எங்கிருந்தோ வந்த அந்நியர் அல்லர். பலர் அந்த ஆற்றங்கரையிலேயே பிறந்தவர்கள். நம்மோடு ஒரே ஸஃப்பில் நின்று தொழுதவர்கள்.

பட்டறை உரிமையாளர் இதைப் பற்றிச் சொன்னது: “எங்க வாப்பா காலத்துல, சுத்திகரிக்கக் காசு இல்லைன்னு எல்லாரும் சொன்னாங்க, ஹஸ்ரத். அந்தக் காசை ஆறு கட்டுச்சு. இப்ப அதை நாங்க கட்டுறோம். அதுவும் இந்த 3,400க்குள்ள இருக்கு.”

ஒரு பொருளின் விலை குறைவாக இருந்தால் அதன் செலவும் குறைந்துவிட்டது என்று நாம் எண்ணிவிடுகிறோம். பெரும்பாலும் அச்செலவை வேறொருவர் சுமக்கிறார். ஆறு சுமக்கிறது, கூலி குறைக்கப்பட்டவர் சுமக்கிறார், ஏணியில் வழுக்கி விழுந்த என் மகன் சுமந்தான். உடைமை என்பது அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத். உரிமையாளர் நம்மவர் என்பதால் அந்தக் கணக்கிலிருந்து விலக்குக் கிடைத்துவிடாது. அண்டை வீட்டாரின் உரிமையும் சேர்வதால் கணக்கு இன்னும் கடினமாகிறது.

நம் கையில் இருந்த தோல்

இதையெல்லாம் எண்ணியவாறு ஊர் திரும்பிய எனக்கு, கடந்த ஹஜ்ஜுப் பெருநாள் ஒரு கேள்வியை முன்வைத்தது. நாமும் தோலின் உரிமையாளர்கள்தாமே?

எங்கள் மதரஸாவுக்கு ஆண்டுதோறும் குர்பானித் தோல்கள் வரும். குர்பானியின் தோலை அறுப்பவருக்குக் கூலியாகக் கொடுக்கலாகாது என்பதை அலீ (ரலி) அவர்களின் அறிவிப்பிலிருந்து அறிகிறோம். அது தர்மத்துக்கு உரியது. எங்கள் கணக்குப் புத்தகத்தின்படி, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆட்டுத் தோல் 180 ரூபாய்க்குப் போனது. ஏழைப் பிள்ளைகளின் சில மாதச் சாப்பாட்டுச் செலவை அது தாங்கியது. பின்னர் உலகெங்கும் மக்கள் தோல் காலணியை விட்டுச் செயற்கைப் பொருட்களால் ஆன காலணிகளுக்கு மாறினர். விலை விழுந்துகொண்டே வந்தது. சென்ற ஆண்டு வியாபாரி கேட்டது தோலுக்கு 15 ரூபாய். சில ஊர்களில் வாங்க ஆளின்றிக் குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள்.

செத்துப்போன ஆட்டின் தோலைக்கூடப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. அல்லாஹ்வின் பெயரால் அறுத்த பிராணியின் தோலை நாம் மண்ணுக்குள் போடுகிறோம்.

பக்கத்து இரு ஊர்களின் ஜமாஅத்தாரோடு பேசினோம். பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பே, தோலில் கத்தி வெட்டு விழாமல் உரிக்க வேண்டும் என்று அறுப்பவர்களிடம் வேண்டிக்கொண்டோம். தூத்துக்குடி உப்பு மூட்டைகளை வாங்கி வைத்தோம். தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான உப்பை, உரித்த சில மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். தாமதித்தால் அழுகத் தொடங்கிவிடும். பெரிய பிள்ளைகளோடு சேர்ந்து நானும் நள்ளிரவு வரை உப்புத் தேய்த்தேன். கைகள் எரிந்தன. மூன்று ஊர்த் தோல்களையும் ஒரே வேனில் ஏற்றித் திண்டுக்கல்லில் பதனிடுவோரிடம் நேரே கொண்டுசென்றோம்.

எங்கள் பங்கு 140 தோல்கள். கத்தி வெட்டால் 12 கழிக்கப்பட்டன. மீதி 128க்கும் தலா 65 ரூபாய் வீதம் 8,320 ரூபாய் கிடைத்தது. உப்புக்கு 700, வேன் வாடகையில் எங்கள் பங்கு 2,300 போக, மிகுந்தது 5,320 ரூபாய். ஊரிலேயே விற்றிருந்தால் 2,100 ரூபாய்தான். பழைய 25,000க்கு இது எங்கே நிற்கும் என்று நிர்வாகிகளில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆட்டுத் தோல் மெல்லியது. அது பூட்ஸின் மேல்தோலாகாது, உள்தோலுக்கும் கையுறைக்கும் போகும். உலகச் சந்தையை எங்கள் உப்பால் தூக்கி நிறுத்த இயலாது. ஆயினும் எங்கள் கைக்கு வந்த அமானத்தை அதன் தரம் கெடாமல் உரிய இடத்தில் சேர்த்தோம். ஆம்பூர்ப் பட்டறைக்காரரிடம் நான் கற்ற பாடத்தை அவ்வளவுக்கேனும் செயல்படுத்தினோம்.

3,400 ரூபாய் எங்கிருந்து வந்தது?

ஒரு செய்தியை இறுதிக்கு வைத்திருந்தேன். அன்று என் கையில் 3,400 ரூபாய் இல்லை. நண்பர்தான் கொடுத்தார். ஊர் வந்ததும் எங்கள் ஜமாஅத்தின் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் பெற்று அவருக்கு அனுப்பினேன். மாதம் 340 ரூபாய் வீதம் பத்து மாதங்களில் அடைத்தேன்.

கணக்கைப் பாருங்கள். பதினொரு வாரம் உழைக்கும் 850 ரூபாய்ப் பூட்ஸை ஆண்டுக்கு நான்கு முறையேனும் வாங்க வேண்டும். அதுவும் 3,400 ரூபாய்தான். ஆண்டு முடிவில் கையில் மிஞ்சுவது கிழிந்த நான்கு ஜோடிகள். ஏழை மலிவானதை வாங்குவது அறியாமையினால் அன்று. மொத்தப் பணம் ஒரே நாளில் அவரிடம் இல்லாமையினால். வரியும் அவருக்கு உதவுவதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு 5 விழுக்காடு, அதற்கு மேற்பட்டதற்கு 18 விழுக்காடு. நீடித்து உழைக்கும் பூட்ஸ் ஆடம்பரப் பொருளோடு ஒரே வரிசையில் நிற்கிறது.

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் பைத்துல்மாலிலிருந்து உதவுகிறோம். உழைக்கச் செல்லும் இளைஞனின் பூட்ஸுக்கும், தையல் இயந்திரத்துக்கும், கருவிப் பெட்டிக்கும் சிறு கடன் கொடுக்க ஒரு தொகையை ஒதுக்குங்கள். பத்தாயிரம் ரூபாய் இருந்தால் மூவருக்குச் சுழலும். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பொருளின் விலையைக் கேட்கும்போது, இதைத் தைத்துக்கொள்ள முடியுமா என்பதையும் கேளுங்கள். பிள்ளைக்குக் கருவி தர வேண்டியவர் வேலை கொடுப்பவராக இருந்தால், அதையும் பணிவாகக் கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் விட்டது தவறு என்று இன்று உணர்கிறேன்.

மகன் அந்தப் பூட்ஸை அணியத் தொடங்கி ஓராண்டுக்கு மேலாகிறது. சென்ற மாதம் அடி தேய்ந்தது. பேருந்து நிலையத்துப் பெரியவரிடம் கொண்டுசென்றேன். பழைய அடியைப் பிரித்துப் புதிய அடியைத் தைத்தார். 350 ரூபாய் கேட்டார். பேரம் பேசாமல் கொடுத்தேன். பின்புறத்துத் தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது மாட்டுத்தோல், பாய். மழைக்கு முந்தி எண்ணெய் போடச் சொல்லுங்க” என்றார்.

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும், வாங்குவதிலும் விற்பதிலும் நேர்மையையும், நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றைப் பேணும் ஆற்றலையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.